கமியோனுக்கு மெல்லிய எண்ணெய்

1

பொங்கலுக்கு முந்தின வாரம் ஒரு காலையில் எங்கள் கமியோன் கிளம்ப மறுத்துவிட்டது. லொறியை இங்கே கமியோன் என்பார்கள். எங்களுடையது அப்படி ஒன்றும் பெரியதல்ல. முன்னால் மூன்று பேர் இருக்கலாம், பின்னால் ஒரு வெள்ளைப் பெட்டி, டீசலில் ஓடும். பாரிசுக்கு வடக்கே வில்லியே லே பெல்லில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே அது நிற்கும். அதை நம்பித்தான் எங்கள் அடுப்பு எரிகிறது.

கண்ணாடியில் படிந்திருந்த உறைபனியைச் சுரண்டிவிட்டு ஏறினேன். திறப்பைத் திருப்ப எஞ்சின் சுற்ற முயன்று முனகியது. திரும்பவும் திருப்பினேன். முனகல் குறைந்தது. அதற்குப் பிறகு வெறும் டிக் என்ற சத்தம் மட்டும்தான். அந்நேரம் றுவாசி விமான நிலையத்துச் சரக்குக் கொட்டிலில், கொழும்பு விமானத்தில் வந்த முருங்கைக்காயும் பாவற்காயும் கறிவேப்பிலையும் எனக்காகக் காத்துக் கிடந்தன. கடைகள் திறக்க முதல் அவை பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லா ஷப்பலுக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். அதுதான் எங்கள் தொழில்.

லா ஷப்பலில் எங்களிடம் அதிகம் மரக்கறி எடுப்பவர் சிவம் அண்ணை. யாழ்ப்பாணத்துக்காரர், பழைய கடைக்காரர். அவருக்கு அடித்தேன்.

"அண்ணை, ரெஜினா கதைக்கிறன். கமியோன் ஸ்டார்ட் வருகுதில்லை."

"அந்தோனி என்ன சொல்லுறான்?" என் கணவரைத்தான் கேட்டார்.

"அவர் படுக்கையிலை. நான்தான் பாக்கிறன்."

பிறகு சொன்னார்: "தங்கச்சி, பொங்கல் வருகுது. கரும்பு, மஞ்சளிலை, வாழையிலை எல்லாம் அடுத்த பிளைட்டிலை வரும். அண்டைக்கும் இப்பிடி நிண்டால் நான் வேறை ஆளைத்தான் பாக்கவேணும். கோவியாதையும்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கோபக்காரரைச் சமாளிக்கலாம். இவர் யோசித்து முடித்துவிட்டல்லவா சொல்கிறார்.

பக்கத்துக் கட்டடத்து மாலி நாட்டுக்காரர் ஒருவர் வேலைக்குப் போகிற வழியில் நின்று, தன் காரின் பற்றரியிலிருந்து வயர் பூட்டித் தந்தார். எஞ்சின் ஒருவழியாக உயிர் பெற்றது. பின்னால் கறுத்த புகை கிளம்பியது. முன்னால் வேகமானிக்குப் பக்கத்தில் ஒரு செம்மஞ்சள் விளக்கு எரிந்தபடியே இருந்தது. நான் லா ஷப்பலுக்குப் போய்ச் சேர்ந்தபோது கடைகள் எல்லாம் திறந்து, சனம் மரக்கறித் தட்டுகளைக் கிளறத் தொடங்கிவிட்டது. கறிவேப்பிலை கேட்டு வந்தவர்கள் வெறுங்கையோடு போய்விட்டார்கள் என்று சிவம் அண்ணையின் மனைவி சொன்னா.

2

நான் கமியோன் ஓட்டுவேன் என்று மன்னாரில் இருக்கும் என் தங்கச்சிமார் இன்னும் நம்பவில்லை. படம் அனுப்பியும் நம்பவில்லை. சும்மா ஏறி இருந்து எடுத்த படம் என்கிறார்கள்.

என் கணவர் அந்தோனிக்குத்தான் அது தொழில். இலையுதிர் காலத்தில் ஒருநாள் சிவம் அண்ணையின் கடை வாசலில் வெங்காய மூட்டையைத் தூக்கியவர் நிமிர முடியாமல் அப்படியே நின்றுவிட்டார். முதுகெலும்பில் ஒரு சத்திரசிகிச்சை. பாரம் தூக்கக் கூடாது, வாகனம் ஓட்டக் கூடாது, அதிக நேரம் நிற்கவும் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். என்னிடம் பெர்மி, அதுதான் சாரதி அனுமதிப்பத்திரம், பல காலமாக இருந்தது. எழுத்துச் சோதனையில் பிரெஞ்சு விளங்காமல் திரும்பத் திரும்பக் கோட்டைவிட்டுக் கடைசியில் எடுத்தது. ஞாயிறு பூசைக்குப் போகவும் சாமான் வாங்கவும்தான் அதைப் பாவித்திருக்கிறேன்.

காப்புறுதிக் கந்தோரில் கமியோன் ஓட்டுபவராக என் பெயரைச் சேர்க்கப் போனோம். வதிவிடத்துக்கு அத்தாட்சி கேட்டார்கள். காஸ் பில் அவருடைய பெயரில். அதனால் நான் அவரோடுதான் வசிக்கிறேன் என்று அவர் எனக்கு ஒரு கடிதம் எழுதித் தர வேண்டும் என்றார்கள். இத்தனை காலம் சமைத்துப் போட்ட வீட்டில் நான் இருக்கிறேன் என்பதற்கு அவர் அங்கேயே, முதுகுப் பட்டியோடு குனிய முடியாமல் குனிந்து, கையெழுத்துப் போட்டார்.

பிறகு அந்தப் பெண் கேட்டாள்: "பிரதான சாரதி யார்?"

"முவா," என்றார் அவர். நான் என்று அர்த்தம்.

"ஆனால் ஐயா, உங்களுக்கு ஓட்ட அனுமதி இல்லையே."

அவர் என்னைப் பார்த்தார். மேசையைப் பார்த்தார். "எல்," என்றார். அவள் என்று அர்த்தம். பஸ்சில் வீட்டுக்கு வரும்வரை என் பெயர் ஏறின அந்தக் கடுதாசியைத் திருப்பித் திருப்பி வாசித்தார்.

3

அவரை முதன்முதல் ஒரு லொறிக்குள்தான் கண்டேன்.

சண்டையால் இடப்பெயர்வுக் காலம். மன்னாரில் எங்கள் ஊரான அடம்பன் பக்கமிருந்து சனம் வெள்ளாங்குளம், முழங்காவில் என்று வடக்கே போய்க்கொண்டிருந்தது. எங்கள் குடும்பத்தை ஏற்றியது ஒரு பழைய டீசல் லொறி. நெல் மூட்டைகள், அவற்றுக்கு மேல் பாய், பாய்க்கு மேல் நாங்கள். சாரதி ஒரு மெலிந்த இளைஞர். அடிக்கடி நிறுத்தி, இறங்கி, மூடியைத் திறந்து எண்ணெய் அளக்கிற கம்பியை இழுத்துப் பார்ப்பார். பார்த்துவிட்டு முகத்தைச் சுருக்குவார்.

அப்போது எங்கள் பக்கத்துக்கு டீசலும் வராது, எஞ்சின் எண்ணெயும் வராது. அரசாங்கம் போட்ட பொருளாதாரத் தடை. மண்ணெண்ணெயில்தான் ஓட்டம். பாவித்துக் கறுத்துப்போன எஞ்சின் எண்ணெயைப் பழைய சேலைத்துணியில் வடித்து வடித்துத் திரும்ப விடுவார்கள். அன்றைக்கு அவரிடம் அதுவும் முடிந்துவிட்டது. இறங்கி வந்து என் அம்மாவிடம் கேட்டார்.

"அம்மா, தேங்காயெண்ணெய் ஏதும் வச்சிருக்கிறியளோ?"

"தலைக்கு வைக்கிறது இருக்குத் தம்பி. என்னத்துக்கு?"

"எஞ்சினுக்குத்தான்."

அம்மா போத்தலை எடுத்து என் கையில் தந்தா. நான்தான் இறங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் துணியால் புனல் மாதிரிச் செய்து, ஒரு சொட்டும் சிந்தாமல் விட்டார். லொறி திரும்பவும் ஓடத் தொடங்க, எஞ்சின் பக்கமிருந்து பலகாரம் சுடுகிற வாசம் வந்தது. மூட்டைகளுக்கு மேல் இருந்த சின்னப் பிள்ளைகள் பசியில் மூக்கை உறிஞ்சின. சண்டையைவிட்டு ஓடிக்கொண்டிருந்த நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அம்மா சொன்னா, இந்தப் பெடியன் முறுக்கும் சுட்டுத் தருவான் போலை என்று. அந்த ஊரும் அந்த வீதியும் ஞாபகத்தில் மங்கிவிட்டன. அந்த வாசம் மட்டும் மங்கவில்லை. அடுத்த வருடம் அவரைக் கலியாணம் செய்தேன்.

4

கமியோன் நின்ற அன்று பின்னேரமே சென் தெனியில் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். கரீம் என்ற துனீசியாக்காரர் அதை நடத்துகிறார். பிரெஞ்சில் எண்ணெய்க்கு 'உயில்' என்ற மாதிரி ஒரு சொல். அவசரத்தில் என் வாயில் 'உயித்ர்' என்று வந்துவிட்டது. அது கடற்சிப்பி. டீசல் எஞ்சினுக்கு எந்தச் சிப்பி நல்லது என்று நான் கேட்டிருக்கிறேன். கரீம் முகம் மாறாமல், "எலுமிச்சம்பழத்தோடு சாப்பிடுவது நல்லது," என்றார். விளங்கியதும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கம்பியை இழுத்துப் பார்த்தார். விரலில் தொட்டுத் தேய்த்தார். என்ன எண்ணெய் விடுகிறீர்கள் என்று கேட்டார். என் கணவர் எப்போதும் வாங்குவது பதினைந்து டபிள்யூ நாற்பது என்றேன். அந்த இலக்கங்களைத் தகரத்தில் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். அர்த்தம் அன்றைக்குத்தான் கேட்டேன்.

டபிள்யூ என்பது ஆங்கிலத்தில் குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. அதற்கு முன்னால் வரும் இலக்கம், குளிரில் எண்ணெய் எவ்வளவு தடித்துப்போகும் என்று காட்டுவது. இலக்கம் சின்னதென்றால் குளிரிலும் இளகி ஓடும். பின்னால் வரும் இலக்கம் எஞ்சின் சூடான பிறகு எண்ணெய் எவ்வளவு தடிப்பாக நிற்கும் என்பதற்கு. எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. எங்கள் குசினியில் குளிர்காலம் முழுக்கத் தேங்காயெண்ணெய் போத்தலுக்குள் வெள்ளைக் கட்டியாகத்தான் கிடக்கிறது. சூடேற்றியில் வைத்தால்தான் ஊற்றலாம். எஞ்சினைச் சூடேற்றியில் வைக்க முடியாது.

கரீம் இன்னொன்றும் சொன்னார். இந்தக் கமியோனில் புகைக்கரியைப் பிடிக்கிற பில்டர் ஒன்று இருக்கிறது. எங்கள் முந்தின கமியோனில் அது இல்லை. நாங்கள் விடுகிற எண்ணெய் எரிந்து மிஞ்சும் சாம்பல் பில்டரை அடைக்கும். செம்மஞ்சள் விளக்கு அதற்காகவும் இருக்கலாம். வண்டி இலக்கத்தைக் கணினியில் போட்டுப் பார்த்துவிட்டு, சாம்பல் குறைந்த ரகத்தில் ஐந்து டபிள்யூ முப்பது விடவேண்டும் என்றார். பற்றரியும் களைத்துவிட்டது, அதையும் மாற்றலாம், ஆனால் எண்ணெயை மாற்றாமல் புதுப் பற்றரி போட்டால் அதுவும் களைக்கும் என்றார்.

5

வீட்டில் சொன்னேன். அவர் தலையணையில் சாய்ந்தபடி கேட்டார்.

"அஞ்சு டபிள்யூ முப்பதோ? அது தண்ணியப்பா. தையல் மெசினுக்கு விடுற எண்ணெய்."

"அந்த மனிசன் நம்பர் போட்டுப் பாத்துத்தான் சொன்னவர்."

"எஞ்சின் கொதிக்கேக்கை தடிச்ச ஒயில்தான் நிண்டு பிடிக்கும். உமக்கென்ன தெரியும்?"

"கொதிக்கிறதுக்கு முதல் அது ஸ்டார்ட் வரவேணுமே."

ஞாயிற்றுக்கிழமை மகள் மெலனி வந்தாள். சென் தெனியில் ஒரு கந்தோரில் வேலை. தனியாக இருக்கிறாள். தமிழில் தொடங்கிப் பிரெஞ்சில் முடிப்பது அவள் வழக்கம். சில காலமாகத் தொடங்குவதும் பிரெஞ்சில்தான். அன்றைக்கு அப்பாவுக்காகக் கொஞ்சம் முயற்சி செய்தாள். நான் சொன்ன எண்ணெயைப் பற்றிப் போனில் வாசித்துவிட்டு, அவருடைய கட்டிலில் வந்து இருந்து, "அப்பா, உயில் மாத்தவேணும்," என்றாள்.

அவர் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டார். "என்ரை உயிலையோ? நான் இன்னும் எழுதவேயில்லை. அதுக்குள்ளை மாத்தப் போறியளோ?"

நான் சிரித்துச் சிரித்து இருமினேன். அவரும் முதுகைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மெலனி எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். என்ன என்று பிரெஞ்சில் கேட்டாள். தமிழில் உயில் என்றால் ஒருவர் சாக முதல் தன் சொத்தை எழுதி வைப்பது என்று நான் விளக்கினேன். விளக்கி முடிக்கையில் பகிடி செத்துப்போயிருந்தது. "ஆ, தக்கோர்," அதாவது சரி, என்று மரியாதைக்குச் சிரித்தாள். நாங்கள் அவளுக்குக் கொடுக்காமல் விட்ட சொற்கள் எத்தனை இருக்கும் என்று அன்று முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அவள் போன பிறகு நான் திரும்பவும் கதையை எடுத்தேன். அவர் யன்னல் பக்கம் பார்த்தபடி கேட்டார்:

"அந்த லொறிக்கு என்ன நடந்தது எண்டு உமக்குத் தெரியுமோ?"

"செல் குண்டு விழுந்தது எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

"செல்லும் இல்லை, ஒண்டும் இல்லை. எஞ்சின் இறுகினது. உங்களை இறக்கிப்போட்டு அடுத்த நடை வரேக்கை. கிடைச்ச எண்ணெய் எல்லாம் விட்டு விட்டு, கடைசியிலை உள்ளுக்கை தண்ணிதான் ஓடினது. ஒரு சத்தம் போட்டுது. அவ்வளவுதான். பின்னுக்கு முழுக்கச் சனம்."

நான் கட்டில் ஓரத்தில் இருந்துகொண்டேன்.

"எல்லாரையும் இறக்கி நடக்கச் சொன்னன். ஒரு பிள்ளைத்தாச்சிப் பெட்டை கேட்டது, அண்ணை, கொஞ்சம் ஆறவிட்டுத் திருப்பிப் பாருங்கோவன் எண்டு. இனி வராது எண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டும் ஏறித் திருப்பினன். அந்தப் பெட்டை பாத்துக்கொண்டு நிண்டது."

"பிறகு?"

"பிறகென்ன. அதுவும் மற்றச் சனத்தோடை நடந்துபோச்சு."

இத்தனை காலம் ஒரே கட்டிலில் படுத்திருக்கிறோம். இதை அவர் சொன்னதில்லை. ஒவ்வொரு தடவையும் எண்ணெய்க் கடையில் தகரத்தைத் தூக்கிக் குலுக்கிப் பார்த்து, ஆகத் தடித்ததை எடுத்துக்கொண்டு வருகிற மனிதரை நான் கஞ்சன் என்றும் பிடிவாதக்காரர் என்றும் நினைத்திருக்கிறேன்.

அவருடைய பயம் அந்த வீதியில் சரியான பயம். ஆனால் விடிந்தால் திறப்பைத் திருப்பப் போவது நான். என்னுடைய பயம் இந்த ஊர்க் குளிரைப் பற்றியது. குசினிக்குப் போய்ப் பாத்திரங்களைக் கழுவிவிட்டு வந்து சொன்னேன்:

"அது அங்கத்தை எஞ்சின். அண்டைக்கு உங்களுக்கு வேறை எண்ணெய் கிடைக்கேல்லை. இண்டைக்குக் கிடைக்குது. நாளைக்கு நான் மாத்தப் போறன்."

அவர் மெல்லச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

6

மாற்றினேன். பழைய எண்ணெய் கமியோனின் அடியிலிருந்து தயங்கித் தயங்கி இறங்கியது. கரீம் கைகளைத் துடைத்துக்கொண்டு பார்த்து நின்றார். பற்றரியையும் மாற்றினார், பில்டரையும் துப்பரவாக்கினார்.

பொங்கலுக்கு முந்தின நாள் காலைதான் அந்தக் குளிர்காலத்தின் ஆகக் கடும் குளிர். பூச்சியத்துக்குக் கீழே போயிருந்தது. கதவுப் பிடி கையுறையில் ஒட்டியது. உள்ளே ஏறி இருந்தேன். கரும்பும் மஞ்சளிலையும் றுவாசியில் இறங்கிவிட்டன என்று செய்தி வந்திருந்தது. திறப்பைப் பாதி திருப்பி, எஞ்சின் உள்ளே சூடேறுவதைக் காட்டும் சின்ன மஞ்சள் விளக்கு அணையும்வரை பொறுத்து, மாதாவை நினைத்துக்கொண்டு மிச்சத்தையும் திருப்பினேன்.

எஞ்சின் ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டது. முனகல் இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு எஞ்சினுக்காக அழுகிறேனா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

போன் அடித்தது. அவர். நிமிர்ந்து பார்த்தால் மூன்றாம் மாடி யன்னலில் லைட் எரிகிறது. நிற்கக் கூடாத மனிதர் யன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"போனை எஞ்சினுக்குப் பக்கத்திலை கொண்டுபோம்," என்றார்.

இறங்கிப் போய் முன்மூடிக்குக் கிட்டப் பிடித்தேன். விரல் விறைக்கும்வரை அப்படியே நின்றேன். திரும்பக் காதில் வைத்தபோது அவருடைய மூச்சுத்தான் கேட்டது.

"என்னப்பா?"

"தட்டுச் சத்தம் இல்லை," என்றார். "கவனமாப் போட்டு வாரும். பாலத்திலை வழுக்கும்."

லா ஷப்பலில் அன்றைக்கு நடக்க இடமில்லை. வேலைக்குப் போகிற வழியில் இறங்கிய பெண்கள், பிள்ளைகளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு, பெட்டிக் கதவு திறக்கும்போதே மஞ்சளிலைக்குக் கை நீட்டினார்கள். கரும்புக் கட்டுகளை இறக்க, அந்தச் சாம்பல் நிறத் தெருவில் பச்சை வாசம் எழும்பியது. நாங்கள் பூசைக்குப் போகிற ஆட்கள், எங்கள் வீட்டில் பொங்குவதில்லை. என்றாலும் அடம்பனில் பக்கத்து வளவிலிருந்து பொங்கல் நாளில் எங்கள் வேலிக்கு மேலால் வாழையிலையில் மூடி நீட்டப்படும் சர்க்கரைப் பொங்கல் ஞாபகம் வந்தது. கொடுத்த அக்காவின் வளையல் சத்தம்கூட ஞாபகம் வந்தது. அவர்கள் இப்போது எந்த நாட்டில் என்று தெரியாது. நான் ஏற்றி வந்த இலையில் ஒன்று எங்கேயோ அவர்களுடைய வீட்டுக்கும் போயிருக்கலாம்.

சிவம் அண்ணை கணக்குப் பார்த்துவிட்டுக் கேட்டார், "அந்தோனி எழும்பீட்டானோ?"

"இல்லை அண்ணை. நான்தான்."

"ம்," என்று ஒரு தேத்தண்ணியை நீட்டினார். "அடுத்த பிளைட் வெள்ளிக்கிழமை. முருங்கைக்காய் கூடப் போடச் சொல்லியிருக்கிறன்."

வேறு ஆளைப் பற்றி அவர் பிறகு கதைக்கவேயில்லை.

7

மாசி மாதக் கடைசியில், கொஞ்சத் தூரம் வாகனத்தில் இருந்து போகலாம் என்று டொக்டர் சொன்னார். அடுத்த நாளே முதுகுக்குத் தலையணை வைத்துக்கொண்டு அவர் என் பக்கத்து இருக்கையில் ஏறினார். தொடக்கத்திலிருந்து தொல்லைதான். கியரைப் பாரும், கண்ணாடியைப் பாரும், அவன் வெட்டுவான் பாரும். நான் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டு எனக்குத் தெரிந்தபடி ஓட்டினேன். செம்மஞ்சள் விளக்கு அணைந்து பல நாள். அதை அவரும் பார்த்தார்.

பாரிசுக்குள் நுழைகிற போர்த் து லா ஷப்பலுக்குக் கிட்ட வழக்கமான நெரிசல். அவருடைய போன் அடித்தது. ஆர்ஜொந்தெய்யில் மீன் ஏற்றுகிற ஜெயம். அவருக்கு எந்த வாகன வருத்தம் என்றாலும் அந்தோனி அண்ணைதான் வைத்தியர். சத்தமாகக் கதைக்கிறவர், எனக்கும் கேட்டது.

"அண்ணை, இந்தக் குளிருக்கை கமியோன் கரைச்சல் குடுக்குது. காலமை சீவன் போகுது. நீங்கள் உங்கடைக்கு என்ன ஒயில் விடுறியள்?"

அவர் வாயைத் திறந்தார். மூடினார். முன்னால் நின்ற வாகனங்களைப் பார்த்தார்.

"பொறும், தம்பி. இப்ப அவதான் ஓடுறா. அவவைக் கேளும்."

ஸ்பீக்கரில் போட்டு, என் வாய்க்கு நேராகப் போனைப் பிடித்தார். ஜெயம் அங்கே அக்கா, அக்கா என்று கூப்பிடுகிறார். எங்கே தொடங்குவதென்று தெரியாமல் நான், "அது வந்து தம்பி, ஒயில் தகரத்திலை ஒரு நம்பர் இருக்கும்..." என்று தொடங்கினேன்.

அவர் என் முழங்கையைத் தட்டினார்.

"புகைப் பில்டர் இருக்கிற வண்டியோ எண்டு முதல் கேளும்," என்றார் மெதுவாக. "அது தெரியாமல் ஒயில் சொல்லப்படாது."